ஒன்று பழுதானால் மற்றொன்று: தரைநிலையத்தில் தானியங்கி மாற்றம் எப்படி நடக்கிறது?

செயற்கைக்கோளுக்குச் சிக்னலைப் பெருக்கி அனுப்பும் பி.யு.சி. (பிளாக் அப்கன்வர்ட்டர்) கருவியை முக்கியமான தரைநிலையங்களில் இரண்டாக வைப்பார்கள். ஒன்று வேலையில், மற்றது ஸ்டேண்ட்பையில், அதாவது தயார்நிலையில். இதுதான் 1:1 ரிடண்டன்சி. முதலாவது படுத்துவிட்டால் இரண்டாவது தானாக எப்படி உள்ளே வருகிறது என்று பார்க்கலாம்.

படி 1: பாதையைப் புரிந்துகொள்ளுங்கள். சிக்னல் எந்தக் குழாய்ப் பாதையில் போக வேண்டும் என்று மாற்றிவிடும் வேவ்கைடு சுவிட்சில் நான்கு வாய்கள் இருக்கும். இரண்டில் பி.யு.சி.கள், ஒன்றில் ஆண்டெனா, ஒன்றில் டம்மி லோடு (வரும் சக்தியை வெளியே விடாமல் உறிஞ்சிக்கொள்ளும் பாகம்). உள்ளே இருக்கும் உருளை 90 டிகிரி திரும்பினால் ஆண்டெனாவோடு இணைந்திருந்த பி.யு.சி. டம்மி லோடுக்கும், மற்றது ஆண்டெனாவுக்கும் மாறிவிடும். ஸ்டேண்ட்பை அனுப்பும் சக்தி டம்மி லோடில் வெப்பமாகப் போய்விடுவதால், அதை ஓடவிட்டபடியே தயாராக வைத்திருக்கலாம்.

படி 2: பழுது எப்படித் தெரிகிறது? புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். மாற்றத்தை நடத்தும் கண்ட்ரோலர் பொதுவாகச் சிக்னலின் அளவைப் பார்த்து முடிவெடுப்பதில்லை, கருவியின் உடல்நிலையைத்தான் பார்க்கிறது. பி.யு.சி.யில் ஓர் அலாரம் ரிலே (கரண்டில் இயங்கும் சிறு சுவிட்ச்) உண்டு; எல்லாம் சரியாக இருக்கும்வரை அது பிடித்துக்கொண்டிருக்கும், பழுது வந்தாலோ கரண்டே போனாலோ விட்டுவிடும், அதனால் முழுதாகச் செத்த கருவியும் அலாரம் கொடுத்துவிடுகிறது, அருமையான யோசனை இது. ரிசீவ் பக்கம், செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னலை வாங்கிப் பெருக்கும் எல்.என்.பி. இழுக்கும் கரண்ட் குறித்த எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மழையில் சிக்னல் விழுந்தால் மாற்றம் நடக்காது, நடக்கவும் கூடாது, ஏனென்றால் இரண்டாவதற்கும் அதே மழைதானே!

படி 3: முடிவு. ஆட்டோ மோடில் இருக்கிறோமா, ஸ்டேண்ட்பை நலமாக இருக்கிறதா என்று கண்ட்ரோலர் பார்க்கும். இரண்டுக்கும் ஆம் என்றால் சுவிட்சைத் திருப்பும். ஒரு நொடிக்குள் முடிந்துவிடும், ஆனால் மறுமுனை மோடம் சிக்னலை மறுபடி பிடித்து லாக் ஆகக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கலாம். பவர் அதிகமான அமைப்புகளில் சுவிட்ச் திரும்பும் நேரத்தில் டிரான்ஸ்மிட்டை மியூட் செய்வார்கள், அதாவது நிறுத்திவைப்பார்கள், இல்லாவிட்டால் உள்ளே தீப்பொறி பறக்கலாம்.

படி 4: சோதனை. முதலில் இரண்டு பி.யு.சி.களின் கெயினையும் (பெருக்கும் அளவை) ஒன்றாக்குங்கள், இல்லையென்றால் மாறியதும் பவர் எகிறிப் பக்கத்து கேரியரை, அதாவது பக்கத்து அலைவரிசையில் போகும் சிக்னலை, கெடுக்கலாம். செயற்கைக்கோள் இயக்குநரிடம் சொல்லிவிட்டு மேனுவலில் மாற்றிப் பாருங்கள். சரியாக இருந்தால் ஆட்டோவுக்குப் போய், வேலையில் இருக்கும் பி.யு.சி.யின் அலாரம் கேபிளைக் கழற்றுங்கள், உடனே மாற வேண்டும். கேபிளைத் திரும்ப மாட்டினாலும் பல கண்ட்ரோலர்கள் தானாகப் பழையதற்குத் திரும்பாது, அது பழுதில்லை. கிளம்பும் முன் ஆட்டோ விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.