கியோட்டோவில் நண்பர் வீட்டில் தங்கப் போகிறீர்களா?

ஜப்பானிய நண்பர் வீட்டுக்குக் கூப்பிட்டால், பார்க்க வேண்டிய கோயில்களின் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு அவர் வீட்டு வழக்கங்களை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நூற்றாண்டுப் பழக்கங்கள் பலவும் அந்த வீட்டுக்குள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

விசாவுக்கு நண்பரிடமிருந்து அழைப்புக் கடிதமும் தங்கும் நாட்களின் அட்டவணையும் வாங்க வேண்டும். செலவை அவரே ஏற்பதானால் உத்தரவாதக் கடிதம், வருமானச் சான்று, ஜூமின்ஹ்யோ என்னும் குடியிருப்புப் பதிவு ஆகியவையும் தேவை. பெட்டியில் பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை, இறைச்சி எதுவும் வேண்டாம். விமான நிலையத்திலேயே பறிமுதல் ஆகிவிடும். வீட்டாருக்கு அன்பளிப்பாக, தனித்தனியே உறையிட்ட இனிப்பு நல்லது. நான்கு (ஷி) சாவையும் ஒன்பது (கு) துன்பத்தையும் ஒலியால் நினைவூட்டும் என்பதால் அந்த எண்ணிக்கைகளைத் தவிருங்கள். பையிலிருந்து வெளியே எடுத்து, இரண்டு கையாலும் கொடுங்கள்.

வாசலில் 'ஒஜாமா ஷிமாஸ்' (தொந்தரவு தருகிறேன்) என்று சொல்லி நுழையுங்கள். நாமும் செருப்பைக் கழற்றுகிறவர்கள்தான். தவறு நடப்பது அடுத்த அடியில். கதவுக்கு உள்ளே இருக்கும் தாழ்ந்த தளம் கென்கான். அது வெளியைச் சேர்ந்தது. கழற்றிய காலை அதில் ஊன்றாமல் நேராக மேல்தளத்தில் வையுங்கள். பிறகு திரும்பிக் குனிந்து, காலணியின் முனை கதவைப் பார்க்கும்படி ஓரமாக வைக்க வேண்டும். வெறுங்காலில் நடப்பது நமக்கு இயல்பு, அங்கே அழகல்ல. சுத்தமான காலுறை நாளுக்கு ஒரு ஜோடி எடுத்துச் செல்லுங்கள். கூடத்தில் செருப்பு தருவார்கள். ததாமி பாய் விரித்த அறை வாசலில் அதையும் கழற்ற வேண்டும். கழிப்பறைக்குத் தனிச் செருப்பு உண்டு. அதை மாட்டியபடியே கூடத்துக்கு வந்துவிடுவதுதான் விருந்தாளிகள் அதிகம் செய்யும் பிழை.

குளியலில் இன்னும் கவனம் தேவை. தொட்டியில் சுமார் 40 முதல் 42 டிகிரி சூட்டில் இருக்கும் நீர் உடம்பைத் தளர்த்திக்கொள்ள மட்டுமே. அதே நீரில்தான் வீட்டார் எல்லோரும் அடுத்தடுத்து இறங்குவார்கள், விருந்தாளிக்கே முதல் முறை. வெளியே குட்டை முக்காலியில் உட்கார்ந்து சோப்புத் தேய்த்து, நுரை ஒரு துளியும் இல்லாமல் அலசிவிட்டு இறங்குங்கள். தலைக்கு எண்ணெய் வைப்பவர்கள் ஷாம்பு போட்டு நன்றாக அலச வேண்டும், இல்லையென்றால் நீர்மேல் படலம் மிதக்கும். நீண்ட கூந்தலை முடிந்துகொள்ளுங்கள், துண்டை நீரில் நனைக்காதீர்கள். வெளியே வந்ததும் அடைப்பைப் பிடுங்கிவிடாமல், சூடு ஆறாதபடி மூடியைப் போட்டு வையுங்கள். பிறகு யுகாதா என்னும் பருத்தி அங்கி தந்தால் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் வரும்படி கட்டுங்கள். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு.

சைவர்கள் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். 'மீன் வேண்டாம்' என்றால் மட்டும் போதாது. மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பின் அடிச்சாறான தாஷியில் பெரும்பாலும் காய்ந்த சூரைமீன் சீவல் இருக்கும். 'கொம்பு தாஷி' என்னும் கடற்பாசிச் சாறு கேளுங்கள். வெளியே சாப்பிட, கியோட்டோவின் அராஷியாமா பகுதியில் தென்ரியு-ஜி கோயில் வளாகத்தில் ஷிகெட்சு உணவகத்தில் துறவியரின் சைவச் சமையல் கிடைக்கும். எங்கே சாப்பிட்டாலும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தாதீர்கள், அது பிதிர்ப் படையல்.

தேநீர்ச் சடங்குக்கு அழைத்தால் மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள்; கிண்ணத்தில் கீறல் விழும். வெள்ளைக் காலுறை அணியுங்கள், பாயின் துணிக்கரையை மிதிக்காதீர்கள். இனிப்பை முதலில் சாப்பிட்டு முடிக்க வேண்டும், கசப்பு அதன்மேல் இறங்கும்போதுதான் சுவை. மெல்லிய தேநீருக்கு 2 கிராம் மச்சா (பச்சைத் தேயிலைத் தூள்), 70 மில்லி நீர், சுமார் 80 டிகிரி. கொதிநீர் ஊற்றினால் கசப்பு தூக்கலாகிவிடும். கிண்ணத்தை இடது உள்ளங்கையில் வைத்து, அதன் அழகான முகப்பில் வாய் படாதபடி வலஞ்சுழியாக இருமுறை திருப்பிக் குடியுங்கள். கடைசி மடக்கைச் சத்தமாக உறிஞ்சலாம், முடித்ததற்கு அதுவே அடையாளம். வாய் பட்ட விளிம்பை விரலால் துடைத்து, முகப்பைப் பழையபடி திருப்பி வையுங்கள். மண்டியிட்டு அமர்ந்ததில் கால் மரத்திருந்தால் சட்டென்று எழாதீர்கள். கால்விரல்களைத் தரையில் ஊன்றிச் சற்றுப் பொறுத்து எழுந்தால் தடுமாறாது.

வழிபாட்டுத் தலங்களில் பெயரே வழி சொல்லும். ஃபுஷிமி இனாரி தைஷா போல 'தைஷா', 'ஜிஞ்சா' என முடிந்தால் ஜப்பானின் பூர்விகச் சமயமான ஷிண்டோவின் தலம்: இருமுறை வணங்கி, இருமுறை கைதட்டி, மறுபடி ஒருமுறை வணங்குங்கள். கியோமிசு-தெரா போல 'தெரா', 'ஜி' என முடிந்தால் பௌத்தக் கோயில், அங்கே கைகூப்பினால் போதும், தட்டக் கூடாது.

காலையில் எழுந்ததும் தரையில் விரித்த ஃபுட்டான் மெத்தையை மடித்து வையுங்கள். நாள் முழுக்க விரித்தபடி விட்டால் இரவு வியர்வையின் ஈரம் அடியில் தங்கி, ததாமியில் பூஞ்சை பூக்கும். கிளம்பும் நாளில் விரிப்பையும் தலையணை உறையையும் கழற்றித் தனியே மடித்துக் கொடுங்கள்.