ஒட்டிய முடிக்கும் கெடுத் தேதி உண்டு: எக்ஸ்டென்ஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறம் பொருந்தவில்லை, நீளம் அளவாக இல்லை என்பதையெல்லாம் கண்ணாடியே சொல்லிவிடும்; அதற்கு யாரும் எழுதத் தேவையில்லை. புதிதாக எக்ஸ்டென்ஷன் (சொந்த முடியோடு சேர்த்து வைக்கும் கூடுதல் முடி) வைப்பவர்களும், புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களும் விடாமல் செய்கிற வேறு தவறுகள் இருக்கின்றன. பழகிய கைகளும் ஒரு காலத்தில் செய்தவைதான். வைத்த அன்று எதுவும் தெரியாது. சில மாதம் கழித்து நெற்றியோரம் சருமம் பளிச்சென்று தெரியும்போதுதான் உறைக்கும்.

கழற்றும் தேதியைத் தள்ளிப்போடுவது

எரிச்சல் அதிகம் வருவது இதில்தான். தை மாதக் கல்யாணத்துக்கு ஒட்டிய டேப் எக்ஸ்டென்ஷன் (இரண்டு பசைப் பட்டைக்கு நடுவில் சொந்த முடியை வைத்து ஒட்டுவது) வைகாசியிலும் தலையில் இருக்கும். கேட்டால், "இன்னும் கெட்டியாத்தானே இருக்கு, எதுக்குக் கழட்டணும்?" என்பார்கள். கெட்டியாக இருப்பதுதான் வம்பே.

டேப்பை வேரிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி ஒட்டுகிறோம். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். இரண்டு மாதத்தில் டேப் வேரை விட்டு 2.5 சென்டிமீட்டர் இறங்கிவிடும். ஒட்டிய அன்று தலையோடு படிந்திருந்தது இப்போது புரள ஆரம்பிக்கும். தூக்கிக் குதிரைவால் போட்டால் டேப் மேல்பக்கம் மடங்கும். மொத்தக் கனமும் அடியில் இருக்கிற நாலைந்து முடியின் மேல் விழும்.

இதைவிட மோசம், உதிர்ந்த முடி. நல்ல ஆரோக்கியமான தலையிலும் தினம் 50 முதல் 100 முடி வரை உதிரும். டேப்புக்குள் மாட்டிய முடி வேரை விட்டாலும் கீழே விழ வழியில்லை. அங்கேயே கிடந்து பக்கத்து டேப்போடு பின்னிக்கொள்ளும். அதன் மேல் தண்ணீரும் ஷாம்பூவும் பட்டு, விரல் தேய்க்கத் தேய்க்கக் கம்பளி மாதிரி இறுகும். எட்டு வாரத்தில் வந்தால் சீப்பு போதும். பதினாறு வாரத்தில் வந்தால் சில இடங்களில் கத்தரிக்கோலை எடுக்க வேண்டியிருக்கும்.

டேப்புக்கு 6 முதல் 8 வாரம். சின்ன வளையத்தை நசுக்கி முடியில் பூட்டும் மைக்ரோ ரிங்கையும் அதே கணக்கில் மேலே ஏற்றிப் பூட்ட வேண்டும். பசையைச் சூட்டில் உருக்கி ஒட்டும் கெரட்டின் பாண்டுக்கு 3 மாதம்; அடர்த்தியான முடி என்றால் 4. அதற்கு மேல் ஒரு வாரம்கூட வேண்டாம். ஒட்டும் அன்றே கழற்றும் தேதியை போனில் போட்டுவிடுங்கள். கழற்றும் கூலியையும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்கு மட்டும் விலை சொல்லிவிட்டுக் கழற்றுவதற்குத் தனிக் காசு என்பதைச் சொல்லாமல் விடும் பார்லர்கள் இருக்கின்றன. பாதிப் பேர் தள்ளிப்போடுவதற்கு அந்தக் காசுதான் காரணம்.

சிக்குப் பிடித்த பிறகு எல்லோரும் செய்யும் அடுத்த காரியம், "அழுக்குத் தலையோட எப்படிப் போறது" என்று தலைக்குக் குளித்துவிட்டு வருவது. அதைச் செய்யாதீர்கள். ஈரம் பட்ட சிக்கு இன்னும் இறுகும். காய்ந்த தலையோடு வந்தால், விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, கண்டிஷனரோ எண்ணெயோ தொட்டு, வால் சீப்பின் முனையால் ஓரத்திலிருந்து நெகிழ்த்தலாம். அதன் பிறகு டேப் விளிம்பில் பசையை இளக்கும் ரிமூவரை விட்டு மூன்று நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு மூலையைப் பிடித்துப் பார்த்தால் இரண்டு டேப்பும் தானாகப் பிரிந்து வரும். வரவில்லை என்றால் இன்னும் ரிமூவர் விட வேண்டுமே தவிர, இழுக்கக் கூடாது. 'டப்' என்று சத்தம் கேட்டால் அறுந்தது உங்கள் முடி.

கழற்றி முடித்ததும் கைப்பிடி முடி வரும், அழாதவர்கள் குறைவு. அதில் ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வேர்ப்பக்க முனையில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைக் குமிழ் இருந்தால் அது எப்படியும் உதிர்ந்திருக்க வேண்டிய முடி. இரண்டு மாதத்துக் கணக்கு ஒரே நாளில் வருகிறது. குமிழே இல்லாமல் குட்டையும் நெட்டையுமாக வந்தால் நடுவில் அறுந்திருக்கிறது. தவறு ஒட்டியதிலோ கழற்றியதிலோ இருக்கிறது.

மெல்லிய முடியில் கனத்தைத் தொங்கவிடுவது

டேப் ஒன்று சுமார் 2.5 கிராம் என்றால், மேலும் கீழுமாக ஒரு ஜோடி 5 கிராம். இடையில் வைக்கும் சொந்த முடி, பின்னால் சீப்பைப் பிடித்தால் பல் தெரிகிற அளவு மெல்லியதாக இருக்க வேண்டும். அதைவிடத் தடிமனாக எடுத்தால் இரண்டு பசையும் ஒன்றையொன்று தொடாது, வழுக்கிவிடும். வழுக்குகிறதே என்று பயந்து பத்து முடியை மட்டும் எடுத்தால் 5 கிராமும் அந்தப் பத்தில் தொங்கும்.

நெற்றியோரத்திலும் காதுக்கு மேலும் முடி இயல்பாகவே மெல்லியதாக இருக்கும். இரண்டு விரல் அகலம் விட்டு உள்ளே தள்ளித்தான் கிளிப்போ (கழற்றி மாட்டும் எக்ஸ்டென்ஷன்) டேப்போ வர வேண்டும். கிளிப் நிற்கவில்லை என்றால் முடியை நுனியிலிருந்து வேர்ப்பக்கமாகச் சீவிச் சிக்காக்குவதைவிட, அடியில் பென்சில் தடிமனுக்கு ஒரு சின்னப் பின்னல் போட்டு அதில் மாட்டுவது மேல். கிளிப்பின் உள்ளே இருக்கும் சிலிக்கான் பட்டை தேய்ந்துபோயிருந்தால் வெறும் உலோகம் முடியை நறுக்கும். வாங்கும்போது பார்ப்பார்கள், பிறகு யாரும் பார்ப்பதில்லை.

கல்யாணச் சவுரி

சவுரி கழற்றி மாட்டுவதுதானே, என்ன ஆகிவிடும் என்று நினைக்கிறோம். மணப்பெண்ணின் தலையில் சவுரி, அதன் மேல் ராக்கொடி, ஜடைநாகம், பூ ஜடை, அடியில் குஞ்சலம் என்று ஒவ்வொன்றாக ஏறும். மாட்டும் முன் எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். சவுரியின் வளையத்தை ஒரே ரப்பர் பேண்டில் கோத்து உச்சந்தலையில் தொங்கவிட்டால் அத்தனையும் அந்த ஒரு பிடி முடியில்தான் நிற்கும்.

சவுரியைப் பிடரியில் தொடங்குங்கள். துணி சுற்றிய ரப்பரால் தாழ்வாகக் கட்டி, மூன்று பிரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரியிலும் சவுரியின் ஒரு பிரியைச் சேர்த்துப் பின்னுங்கள். பூ ஜடையைச் சவுரியோடு சேர்த்துத் தையுங்கள். சொந்த முடியில் கட்டாதீர்கள். ராக்கொடி இருக்கும் இடத்தில் இரண்டு பின்னைக் குறுக்காகப் போட்டால் பாரம் பரவும்.

ரிசப்ஷன் முடிந்து நள்ளிரவில் அதே ஸ்ப்ரேயோடு படுத்து, விடியற்காலை முகூர்த்தத்துக்கு அதன் மேலேயே இன்னொரு அலங்காரம் செய்வது வழக்கமாகிவிட்டது. பத்து நிமிடம் ஒதுக்கி முதலில் எண்ணெய் தடவி ஸ்ப்ரேயை இளக்கி, நுனியிலிருந்து வாரி, பின்னிப் படுக்கச் சொல்லுங்கள். பெண்ணின் அம்மா அவசரப்படுத்துவார். பரவாயில்லை.

எண்ணெய்

டேப்பும் கெரட்டினும் வைத்தவர்களுக்கு எண்ணெய்க் குளியல் கிடையாது. பசை இளகி வழுக்கும். நடுவிலிருந்து நுனிவரை மட்டும் இரண்டு சொட்டு. ஒட்டிய முடிக்குத் தலையிலிருந்து எண்ணெய்ப்பசை இறங்காது. வெளியிலிருந்து அவ்வளவாவது வேண்டும். கிளிப், சவுரி வைப்பவர்கள் தாராளமாக எண்ணெய் வைக்கலாம், ஆனால் அலசிக் காயவைத்த பிறகே மாட்ட வேண்டும். எண்ணெய்த் தலையில் வழுக்குகிறதே என்றுதான் இறுக்கிக் கட்டுகிறார்கள்.

கிளிப்போடு தூங்குவது

தூங்காதீர்கள்.

விலை குறைந்த 'ஒரிஜினல்' முடி

கோயிலில் முடிக்காணிக்கையாக மொட்டையடிக்கும் முடியை வேர்ப்பக்கம் ஒரே திசையில் இருக்கும்படி கட்டிவைக்க முடியும். ரெமி என்பது அதுதான். தெருவில் பாத்திரம் கொடுத்து வாங்கிப்போகும் சீப்பு முடியில் வேரும் நுனியும் கலந்துகிடக்கும். அமிலத்தில் முக்கி மேல்செதிலை எடுத்து, சிலிக்கான் பூசி விற்பார்கள். கடையில் பட்டாகத் தெரியும்; சில அலசலில் பூச்சு போய்விடும். பிறகு அது சிக்காகும்போது உங்கள் முடியையும் சேர்த்து இழுக்கும். நைலான் சவுரியில் அயர்ன் வைத்தால் உருகும், அவ்வளவுதான்.

"முதல் ரெண்டு நாள் வலிக்கத்தான் செய்யும்"

இப்படிச் சொல்லி அனுப்பும் பார்லருக்கு மறுபடி போகாதீர்கள். புதிதாக வைத்ததன் உறுத்தல் இருக்கலாம். வலி இருக்கக் கூடாது. தலையணையில் சாய்ந்தால் சுரீரென்கிறதா, வேரோரம் சிவந்து சின்னச் சின்னக் கொப்புளம் இருக்கிறதா, வகிடு அகலமாகிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இடத்து டேப்பை அன்றே எடுக்க வேண்டும். இழுவையால் உதிர்வதை ஆரம்பத்தில் நிறுத்தினால் முடி திரும்ப வரும். மாதக்கணக்கில் தொடர்ந்து மயிர்க்கால் தழும்பேறிவிட்டால் வராது. எடுத்த பிறகும் இரண்டு வாரத்தில் சிவப்பு குறையவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை அந்த இடத்தில் புதிதாக எதையும் ஒட்ட வேண்டாம், அடுத்த வாரமே தங்கை கல்யாணம் என்றாலும்.