வெளிநாட்டில் குழந்தை பிறந்தால் முதலில் என்ன செய்வது?

என் மகள் பிறந்தபோது நாங்கள் பார்வையாளர் விசாவில் கனடாவில் இருந்தோம். அந்த மண்ணில் பிறந்ததால் அவள் அந்நாட்டுக் குடிமகள். ஆனால் அதை வைத்து எங்களுக்கு ஒரு நாள்கூடக் கூடுதலாகத் தங்கும் உரிமை வரவில்லை. எல்லா நாடும் இப்படி இல்லை. பிரிட்டனில் 1983 முதலும் ஆஸ்திரேலியாவில் 1986 முதலும் அங்கே பிறந்தால் மட்டும் போதாது. பெற்றோரின் நிலையையும் பார்ப்பார்கள்.

சரி, வேலையைப் பிறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்குங்கள். மருத்துவமனை தரும் தாள் போதாது, அரசுப் பதிவாளர் தருவதுதான் செல்லும். கையெழுத்திடும் முன் படிவத்திலுள்ள உங்கள் பெயரைப் பாஸ்போர்ட்டோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அப்புறம் உங்கள் நாட்டுத் தூதரகத்தில் பதிவு. கெடு இருக்கும், தள்ளிப்போடாதீர்கள். பயண ஆவணம் இல்லாமல் கைக்குழந்தையையும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அதற்குள் விசா முடியும் போலிருந்தால், முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.