‘ம்வலிமு’வைப் பிரிக்கும்போது நேரும் தவறுகள்

கிழக்கு ஆப்பிரிக்காவில் பேசப்படும், பாண்டு மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த சுவாஹிலி மொழியில் ஆசிரியரை ‘ம்வலிமு’ என்பார்கள். அரபியின் ‘முஅல்லிம்’ என்ற சொல்லே அவ்வாறு ஆயிற்று என்பது வரை பலரும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். சொல்லைப் பிரித்துக் காட்டப் புகும்போதுதான் பிழை நேர்கிறது.

முதல் தவறு, ‘ம்வ’ தொடக்கத்திலிருந்தே பாண்டு மொழி முன்னொட்டு என்றும், எஞ்சிய ‘அலிமு’ நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் கேட்கும் ‘ஆலிம்’ என்றும் கொள்வது. முஅல்லிம், ஆலிம் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அய்ன், லாம், மீம் என்ற மூன்று மெய்கள் அறிதலைக் குறிக்கும். ஆனால் ஆலிம் என்றால் அறிந்தவர். நடு மெய் இரட்டித்து ‘அல்லம’ என்றானால் கற்பித்தார் என்று பொருள்படும்; அதிலிருந்து ‘மு’ என்ற தொடக்கத்தோடு அமைந்த பெயரே முஅல்லிம், கற்பிப்பவர். ஆகவே அந்த ‘மு’வும் அரபியே. மனிதரைக் குறிக்கும் பெயர்கள் பலவற்றுக்கு ஒருமையில் ‘ம்’, பன்மையில் ‘வ’ என்று முன்னொட்டுச் சேர்க்கும் சுவாஹிலியர், காதுக்குப் பழகிய ஒலியாக இருந்ததால் அதைத் தம் முன்னொட்டாகவே எடுத்துக்கொண்டு, பன்மையை ‘வலிமு’ என்று அமைத்தனர். ‘கிதாப்’ என்பதன் ‘கி’ வேரிலேயே உள்ள ஒலி. அதையும் இப்படியே கழற்றி, ஒரு புத்தகம் ‘கிட்டாபு’, பல புத்தகங்கள் ‘விட்டாபு’ என்றாக்கிய துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆகையால் அரபிப் பன்மையான ‘முஅல்லிமூன்’, பெண்பாலான ‘முஅல்லிமா’ ஆகியவற்றை இங்கே தேடக்கூடாது. ஆசிரியையும் ம்வலிமுதான். வினையும் பாண்டு முறைப்படியே இயையும்: ‘ம்வலிமு அனசோமா’ என்றால் ஆசிரியர் படிக்கிறார், ‘வலிமு வனசோமா’ என்றால் ஆசிரியர்கள் படிக்கிறார்கள். உச்சரிப்பில் மூன்றே அசைகள், அழுத்தம் ‘லி’யில் விழும்.

கல்வித்துறைச் சொற்கள் எல்லாமே அரபி என்று முடிவுகட்டுவதும் தவறு. கல்வியைக் குறிக்கும் ‘எலிமு’ இதே வேர்தான். ஆனால் மாணவரைக் குறிக்கும் ‘ம்வனஃபுன்ஸி’ பாண்டுச் சொல், பள்ளியைக் குறிக்கும் ‘ஷூலே’ ஜெர்மானியர் ஆட்சி விட்டுச்சென்றது.

தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரேவின் பெயருக்கு முன் வரும் ‘ம்வலிமு’வை அவரது இயற்பெயர் என்று எழுதுவோரும் உண்டு. அரசியலுக்கு வருமுன் அவர் பள்ளி ஆசிரியர். அந்த அழைப்பு 1999இல் அவர் மறைந்த பின்னும் நீங்கவில்லை.