டிரில்லைக் கழற்றும் முன்

டிரில் நின்று நின்று ஓடுகிறதா, பக்கவாட்டில் பொறி பறக்கிறதா? பெரும்பாலும் கார்பன் பிரஷ்தான் (சுழலும் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் சின்னக் கரித்துண்டு) தேய்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள், பல மாடல்களில் மோட்டாரின் இரண்டு பக்கமும் வட்டமாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைத் திருகினாலே பிரஷ் ஸ்பிரிங்கோடு வெளியே வந்துவிடும், மெஷினைப் பிளக்கவே வேண்டாம். ஒன்று தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைக்குப் போனால் பழைய பிரஷைக் கையோடு கொண்டுபோங்கள், அளவு கொஞ்சம் பிசகினாலும் உட்காராது.

திறந்தே ஆகவேண்டுமா? சரி, முதலில் வாரண்டியைப் பாருங்கள், நாம் கைவைத்த மெஷினைப் பல நிறுவனங்கள் தொடமாட்டா. சர்வீஸ் சென்டருக்கு "ஓடவில்லை" என்று மட்டும் எழுதினால் "கொண்டு வாருங்கள்" என்றுதான் பதில் வரும் (வேறென்ன சொல்வார்கள்!). மாடல் எண்ணையும் பாக எண்ணையும் போட்டு விலை கேளுங்கள்.

கழற்றும்போது திருகுத் தலைகள் உள்ள பாதி மேலே இருக்கும்படி படுக்கவைத்து மெதுவாகத் தூக்குங்கள், சின்ன ஸ்பிரிங் துள்ளி ஓடிவிடும். வயர் எந்தப் பள்ளத்தில் போகிறது என்று அப்போதே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடும்போது அந்த வயர் நசுங்கினால் ஷாக் அடிக்கலாம், அதில் இருப்பது 230 வோல்ட்.