கணினியில் போன் ஓடட்டும், போன் திரை அணையட்டும்

ஆண்ட்ராய்டு போனை ஸ்க்ரீன் காப்பி (எழுதும்போது எஸ்சிஆர்சிபிஒய், விசித்திரமான பெயர்தான்) என்ற கணினி மென்பொருள் மூலம் கணினியில் இயக்குகிறவர்கள், அந்த ஜன்னலில் இடப்பக்க ஆல்ட்டோடு ஓ எழுத்தை அழுத்திப் பாருங்கள். போன் திரை அணைந்துவிடும், கணினியில் எல்லாம் வழக்கம்போல ஓடும். பவர் பொத்தானை அழுத்தினால் போன் தூங்கப் போய்விடும், ஆனால் இது டிஸ்ப்ளே விளக்கை மட்டும்தான் நிறுத்துகிறது, ஆண்ட்ராய்டு உள்ளே விழித்துக்கொண்டு படத்தைக் கேபிள் வழியே அனுப்பிக்கொண்டே இருக்கும், அதனால் சார்ஜும் மிச்சம், சூடும் குறைவு, பக்கத்து இருக்கைக்காரர் உங்கள் வாட்ஸ்அப்பை எட்டிப் பார்க்கவும் முடியாது (கணினியைப் பார்த்தால் நான் பொறுப்பில்லை). திரை திரும்ப வேண்டுமா, ஷிஃப்டையும் சேர்த்து அழுத்துங்கள்.

ஐபோனுக்கு இது இல்லை. வங்கிச் செயலிகள் பெரும்பாலும் கணினியில் வெறும் கறுப்பாகத்தான் தெரியும், அதற்குப் போனையே கையில் எடுக்க வேண்டும். அப்புறம், போனைக் கணினி கட்டுப்படுத்த விடும் யுஎஸ்பி டீபக்கிங் என்ற அமைப்பை முன்பே போனில் ஆன் செய்து அந்தக் கணினிக்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். திரை உடைந்த பிறகு நினைத்துப் பார்த்தால், அந்த அனுமதியைத் தட்டவே திரை தேவை.