ஆர்க்கிட் இலை சுருங்கியதன் காரணம்: வேர்களுக்கு நடுவே ஒளிந்திருந்த பாசி

வீட்டிற்குள் வளர்த்துவரும் ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட்டின் அடி இலைகள், முறையாகத் தண்ணீர் ஊற்றியும் துவண்டு, நீளவாக்கில் சுருங்கத் தொடங்கின. நீரை அதிகப்படுத்தினேன்; சுருக்கம் கூடியது. உரத்தை நிறுத்தினேன், ஜன்னலை மாற்றினேன். மூன்று வாரங்கள் வீணாயின.

என்னைத் தவறாக நினைக்க வைத்தது தொட்டியின் வெளித்தோற்றமே. ஒளி ஊடுருவும் தொட்டியின் ஓரத்தில் தெரிந்த வேர்கள், காய்ந்தால் வெள்ளிநிறமாகவும் நனைந்தால் பச்சையாகவும் மாறி, நலமாகவே இருந்தன. மண்ணுக்குப் பதிலாக இட்டிருந்த மரப்பட்டைத் துண்டுகளும் மேலே உலர்ந்திருந்தன. ஆனால், ஒரு மூங்கில் குச்சியைத் தண்டை ஒட்டி நடுப்பகுதிவரை செருகி, 10 நிமிடம் கழித்து எடுத்தபோது, அதன் கீழ்ப்பாதி கருமையாக நனைந்து அழுகல் வாடை வீசியது.

செடியை வெளியே எடுத்ததும் காரணம் விளங்கியது: நாற்றாக இருந்தபோது வைத்த, பஞ்சுபோல் நீரைத் தேக்கிவைக்கும் ஸ்பாக்னம் பாசி, சிறு வலைக்கூடையோடு வேர்களின் மையத்தில் இறுகிக் கிடந்தது. இயற்கையில் மரக்கிளைகளைப் பற்றிக் காற்றோட்டத்தில் வாழும் இச்செடியின் வேர்கள் ஓயாத ஈரத்தில் அழுகிவிடும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது என்பதால்தான் ஈரத்தின் நடுவிலும் இலைகள் வாடின.

கூடையை வெட்டியெடுத்து, பாசியை முழுவதும் களைந்து, விரலால் அழுத்தினால் மேலுறை உருவிக்கொண்டு நூல்போன்ற நரம்பு மட்டும் எஞ்சிய வேர்களைத் தீயில் காட்டிய கத்தரியால் நீக்கினேன். கெட்டியான வேர்களைத் தொடவில்லை. புதிய மரப்பட்டையில் நட்டு, வேர்கள் வெள்ளிநிறமான பிறகே நீர் ஊற்றினேன். ஆறாம் வாரத்தில் பச்சை நுனியுடன் புதுவேர் கிளம்பியதைக் கண்டபோது பெரும் நிம்மதியாக இருந்தது. பழைய இலைகளின் சுருக்கம் முற்றிலும் மறையவில்லை. புதிய இலை விறைப்பாக வருகிறது.